ஐயமும் மரியாதையும்: தமிழ்த் திருமறையில் பலர்பாற் சொல்

அரியலூர் மாவட்டத்தின் தென்பகுதியில், கொள்ளிடத்தின் வடகரைப் பக்கமாக ஏலாக்குறிச்சி என்னும் ஊர் உள்ளது. வீரமாமுனிவர் எனத் தமிழுலகம் போற்றும் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி (1680–1747) பல்லாண்டுகள் தங்கிப் பணியாற்றிய இடம் அது. திருக்காவலூர் என்று அவர் அதற்குப் பெயரிட்டார். சீர்திருத்தத் திருச்சபைகளைச் சேர்ந்த நாம் அவரை நினைப்பது பெரும்பாலும் லுத்தரன் மிஷனரிமாருக்கு எதிராக அவர் எழுதிய கண்டன நூல்களைக் கொண்டே ஆகும். ஆயினும், பேச்சுத் தமிழைக் கற்பிக்க அவர் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் அச்சேறியது அதே லுத்தரன் மிஷனரிமாரின் தரங்கம்பாடி அச்சகத்தில்தான். கோட்பாட்டில் ஒருவரையொருவர் மறுத்தவர்கள் ஒரே இலக்கணத்தைப் பயன்படுத்தினர் என்பது எண்ணத்தக்கது. 'நீ', 'நீர்', 'நீங்கள்' என்பவற்றை யாரிடம் எப்போது சொல்வது, 'அவன்' எங்கே முடிந்து 'அவர்' எங்கே தொடங்குகிறது என்பதை அறியாமல் இரு சாராராலும் ஒரு நாள்கூட ஊழியம் செய்திருக்க இயலாது.

அப்பாடத்தின் ஒரு சிறு பகுதியையே இங்கு ஆராய எடுத்துக்கொள்கிறோம். ஆணா பெண்ணா, ஒன்றா பலவா என்று தெரியாதபோது, அல்லது இன்னார் என்று சுட்டாமல் பொதுவாகப் பேசும்போது, எச்சொல்லால் குறிப்பது? ஆங்கிலம் பேசுவோர் இதனைப் பெரிய வழக்காகவே விவாதித்து வந்துள்ளனர். 'தே' என்னும் பன்மைப் பெயரை, இன்னாரென அறியப்படாத ஒருவருக்கு வழங்கலாமா என்பதே அவர்கள் கேள்வி. தமிழிலோ இக்கேள்விக்கு விடை கூறப்பட்டுப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன. அவ்விடை நம் திருமறை மொழிபெயர்ப்பில் நெடுங்காலம் இடம்பெறாமல் போனது ஏன் என்பது மொழியியலார்க்கு மட்டும் உரிய செய்தியன்று.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்தில் ஐயத்தைப் பற்றிய விதி ஒன்று வருகிறது. திணை தெரிந்து பால் தெரியாத இடத்தில் பன்மையால் கூறுக என்பது அதன் கருத்து. உரையாசிரியர்கள் இதற்குக் காட்டும் சூழல்கள் இரண்டு. அந்தி மயங்கும் நேரத்தில் தொலைவில் ஓர் உருவம் வருகிறது. மனித உருவம் என்பது தெரிகிறது, ஆடவனா பெண்டா என்பது தெரியவில்லை. அப்போது 'தோன்றுகிறான்' என்றோ 'தோன்றுகிறாள்' என்றோ சொல்லாமல் பலர்பாலில் சொல்ல வேண்டும். மற்றொன்று, இரவில் மாடு நுழைந்து மேய்ந்த வயல். பயிர் அழிந்து கிடக்கிறது; வந்தது ஒரு மாடா பல மாடுகளா என்பது தெரியவில்லை. அங்கும் பன்மையே முறை. பெரம்பலூர்ப் பக்கத்துச் சோளக்கொல்லைக்காரர் எவருக்கும் இந்த இரண்டாம் சூழலை விளக்க வேண்டியதில்லை. உயர்திணை, அஃறிணை ஆகிய இரண்டுக்கும் ஒரே விதி அமைந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். பன்மை இங்கே எண்ணிக்கையையும் குறிக்கவில்லை, மதிப்பையும் குறிக்கவில்லை. அறியாததை அறிந்ததுபோலச் சொல்லாமல் இருப்பதற்குரிய நேர்மையான சொல்வடிவம் அது. பிற்கால நன்னூலாரும் ஐயம் தோன்றுமிடத்துப் பொதுச்சொல்லையே விதிக்கிறார்.

'ஒருவர்' என்னும் சொல்லைப் பற்றித் தொல்காப்பியர் தனியே கூறுவது இன்னும் நுட்பமானது. அச்சொல் ஆண், பெண் ஆகிய இரு பாலுக்கும் உரியது; பொருளால் ஒருமையாயினும் பன்மை வினையையே ஏற்கும். 'ஒருவர் வந்தார்' என்பதில் ஆள் ஒன்றே, விகுதியோ பலர்க்குரியது. ஆங்கில இலக்கணத்தார் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த முரண்பாடு இதுவே. தமிழ் இதை முரண்பாடாகவே கருதவில்லை.

ஆயினும் அதே நூலாசிரியர், ஒருவரைப் பன்மையால் கூறும் வேறொரு வழக்கையும் கண்டு குறித்திருக்கிறார். அது உயர்த்திக் கூறும் சொல், உலக வழக்கில் வந்தது, இலக்கண நெறிப்பட்டதன்று என்பது அவர் கருத்து. ஆக, ஒரே விகுதிக்கு இரண்டு பணிகள் இருந்தன. ஒன்று ஐயப் பன்மை. மற்றொன்று மரியாதைப் பன்மை. முன்னதை இலக்கணம் விதித்தது. பின்னதை வழக்கு புகுத்தியது. வரலாற்றில் வென்றது பின்னதே. இன்றைய அரியலூர் மாவட்டத்திலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கிய முதலாம் இராசேந்திரனைக் கல்வெட்டுகள் 'உடையார்', 'தேவர்' என்று பலர்பாலால் குறிப்பதைக் காண்கிறோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆர் விகுதி அதிகாரத்தின் அணியாகிவிட்டது. உண்மையில் பலரைக் குறிக்க வேண்டியபோது அதன்மேல் 'கள்' என இன்னொரு விகுதி ஏற வேண்டியதாயிற்று. தொல்காப்பியர் அஃறிணைக்கு உரியதாகக் கூறிய அந்தக் 'கள்', திருக்குறளிலேயே 'பூரியர்கள்', 'மற்றையவர்கள்' என உயர்திணைமேல் வந்துவிடுகிறது. மரியாதைக்குப் பன்மையைக் கொடுத்துவிட்ட மொழி, பன்மைக்கு வேறு பன்மை தேடிக்கொண்டது என்று சொல்லலாம்.

ஐயப் பன்மை அதனால் இறந்துவிடவில்லை. புலவர் நூலை விட்டுப் பேச்சில் தங்கிற்று. இவ்வட்டாரக் கிராமங்களில் இதனை நாள்தோறும் கேட்கலாம். கதவு தட்டப்படும் ஓசை கேட்டால், 'யாரோ வந்திருக்காங்க' என்பர். பட்டியிலிருந்த ஆடு களவு போனால், 'யாரோ புடிச்சிட்டுப் போயிட்டாங்க' என்பர். திருடனுக்கும் பன்மை! மறுநாள் ஆள் அகப்பட்டால், 'இவன்தான்' என்று சொல் உடனே இறங்கிவிடும். இதிலுள்ள ஒழுங்கை நாம் ஊன்றி நோக்க வேண்டும். அறியப்படாத வரையில் ஒருவருக்குப் பன்மை கிடைக்கிறது. அறியப்பட்ட பின், அவர் யார் மகன், எந்தத் தெரு, என்ன தொழில் என்பவற்றைப் பொறுத்து அது நிலைக்கிறது அல்லது பறிக்கப்படுகிறது. திருட்டுக்காக மட்டும் பறிக்கப்பட்டிருந்தால் நாம் இதனை எழுத வேண்டிய தேவையே இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி பெரம்பலூர் மாவட்டத்து மக்களில் ஏறத்தாழ 10 பேருக்கு 3 பேர் பட்டியல் சாதியினர். தமிழகக் கிராமங்களில், சேரியில் பிறந்த முதியவரை ஊர்த்தெருச் சிறுவன் 'நீ' என்று அழைப்பதும், முதியவர் அச்சிறுவனுக்குப் பன்மையில் மறுமொழி கூறுவதும் அண்மைக் காலம்வரை யாரும் வியக்காத வழக்கமாக இருந்தது. இருட்டில் 'யாரோ வர்றாங்க' எனப்பட்ட மனிதர் விளக்கொளிக்கு வந்ததும் 'அவன்' ஆனார்.

மொழி இந்நிலையில் இருந்தபோதுதான் திருமறை தமிழுக்கு வந்தது. சீகன்பால்கின் புதிய ஏற்பாடு 1714–15இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. அதன்பின் பப்ரீசியுஸ், ரேனியுஸ், பெர்சிவல் ஆகியோரின் உழைப்பைக் கடந்து, ஹென்றி பவர் தலைமையில் உருவான 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு சபைகளின் பொதுச் சொத்தாக நிலைபெற்றது. இம்மொழிபெயர்ப்பில் பன்மை யாருக்கு உரியது? கடவுளுக்கும் ஆண்டவராகிய இயேசுவுக்கும் உரியது. ஆபிரகாம் 'அவன்', தாவீது அரசன் 'அவன்', பேதுரு 'அவன்', பவுல் 'அவன்', ஏரோதும் பிலாத்துவும் 'அவன்', தெருவோரத்துப் பிச்சைக்காரனும் 'அவன்', கர்த்தரின் தாயாகிய மரியாள் 'அவள்'. இதனை மரியாதைக் குறைவு என்று இன்றைய செவியால் தீர்ப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. அக்காலம்வரை தமிழ்க் காப்பியங்களில் இராமனும் 'அவன்'தான். அன்றியும், ஜமீன்தாரை ஒருமையில் சுட்ட எவரும் துணியாத ஓர் ஊரில், சக்கரவர்த்தியையும் அடிமையையும் ஒரே விகுதியால் குறிக்கும் நூல் ஞாயிறுதோறும் உரக்க வாசிக்கப்பட்டது சிறிய செய்தியன்று. கடவுள் ஒருவரே பன்மைக்கு உரியவர். அவர் முன் மற்றெல்லாரும் ஒருமை. நோக்கம் அதுவாக இருந்ததோ இல்லையோ, விளைவு அதுதான்.

இடையே ஒன்று. இவ்வொழுங்கு உரையாடல்களில் விந்தையான வடிவம் எடுக்கிறது. வனாந்தரத்தில் சோதனைக்காரன் இயேசுவை 'நீர்' என்று விளிக்கிறான். பிலாத்துவோ 'நீ' என்கிறான். பிசாசு அறிந்த மரியாதையை ரோமத் தேசாதிபதி அறியவில்லை என்று பிரசங்கம் செய்யலாம்தான். ஆனால் கிரேக்கத்தில் இவ்வேறுபாடு இல்லை. இரு இடத்தும் ஒருமையே உள்ளது. வேறுபாட்டைச் செய்தவர்கள் மொழிபெயர்ப்பாளர்கள். பேசுவோன் கேட்போரை அறிந்தவனா அறியாதவனா என்று அவர்களே தீர்மானித்துள்ளனர்.

ஒருமையால் சமன் செய்யும் முயற்சி ஆங்கிலேயருக்கும் புதிதன்று. 'யூ' என்பது ஒரு காலத்தில் பன்மை, பின் பெரியோருக்கு மரியாதை ஒருமையாயிற்று, தாழ்ந்தோருக்கு 'தௌ'. 17ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் பாக்ஸும் அவரைப் பின்பற்றிய குவேக்கரும், ஒருவரைப் பன்மையால் அழைப்பது மனிதரைப் பூசிப்பதாகும் எனக் கருதி, நீதிபதியிடமும் 'தௌ' என்றே பேசினர். 1660இல் ஒருமை பன்மையைக் கற்பிப்பதற்கென்றே பாக்ஸ் தம் நண்பர்களோடு ஒரு நூலும் வெளியிட்டார். இதன் பொருட்டு அவர்கள் பட்ட அவமதிப்பு மிகுதி. இறுதியில் ஆங்கில மொழி வேறு வழியில் சமன் அடைந்தது. எல்லாரையும் 'தௌ' ஆக்காமல், எல்லாரையும் 'யூ' ஆக்கிற்று. கீழே இறக்கிச் சமன் செய்வது ஒரு வழி, மேலே ஏற்றிச் சமன் செய்வது மற்றொரு வழி. தமிழ்த் திருமறையின் கதையும் இவ்விரண்டு வழிகளுக்கிடையே செல்வதைக் காண்போம்.

1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பின் உண்மையான இடர் பேதுருவும் பவுலும் அல்லர், பெயரில்லாதவரே. 'எவராவது என் பின்னே வர விரும்பினால்' என்னும் பொருளுடைய மத்தேயு 16:24இல் கிரேக்கம் 'திஸ்' என்னும் சொல்லை ஆள்கிறது. அது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. தமிழில் அதற்கு நேரான சொல்லாக 'ஒருவர்' காத்திருந்தது. மொழிபெயர்ப்பில் வந்ததோ 'ஒருவன்'. அதைத் தொடர்ந்து 'அவன்', 'தன்'. வெளிப்படுத்தல் 3:20இல் கதவைத் திறப்பவரும் 'ஒருவன்'. நன்னூலை ஆங்கிலத்தாருக்கு அறிமுகம் செய்து வெளியிட்டவராகிய பவர், இரு பாலுக்கும் பொதுவான சொல்லை அறியாதவராக இருந்திருக்க இயலாது. பின் ஏன்? ஆர் விகுதி முழுவதும் மரியாதைக்கு உரியதாகிவிட்டமையே காரணம் என்று நாம் கருதுகிறோம். கடவுளுக்கென ஒதுக்கப்பட்ட பன்மையைப் பெயரில்லாத பாவிக்குக் கொடுக்க முடியவில்லை. பன்மைக்குள் ஐயத்தின் இடத்தை மரியாதை எடுத்துக்கொண்டது. ஐயமோ ஆண்பாலுக்குள் ஒதுங்க நேர்ந்தது. சபையில் பாதிக்கு மேற்பட்டவராக அமர்ந்திருந்த பெண்கள் 'ஒருவன்' என்பதில் தம்மையும் சேர்த்துக் கேட்கக் கற்றுக்கொண்டனர்.

ஆண்பாற் சொல் பெண்ணையும் அடக்கும் என்னும் கொள்கைக்கு அக்காலத்தில் சட்டத்தின் ஆதரவும் இருந்தது. 1850இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அவ்வாறே விதித்தது. இந்தியாவின் 1897ஆம் ஆண்டுப் பொது வாசகங்கள் சட்டத்தின் 13ஆம் பிரிவும் அதையே கூறுகிறது. ஆங்கில இலக்கணத்தாரும் அப்பக்கமே நின்றனர். 1795இல் வெளிவந்த லிண்ட்லி மரேயின் இலக்கணம், அறியப்படாத ஒருவரைத் 'தே' என்பதைப் பிழை எனத் திருத்திற்று. ஆனால் மக்கள் வழக்கு அதற்கு முன்பே பல நூற்றாண்டுகளாகத் 'தே' என்றே கூறிவந்தது. 1611ஆம் ஆண்டு ஜேம்ஸ் அரசர் மொழிபெயர்ப்பிலும், பிலிப்பியர் 2:3இல் 'ஒவ்வொருவரும்' என்னும் பொருளுடைய சொல்லை அடுத்துப் பன்மைப் பெயரே வருகிறது. 2011இல் திருத்தப்பட்ட புதிய பன்னாட்டு ஆங்கில மொழிபெயர்ப்பு, வெளிப்படுத்தல் 3:20இல் கதவைத் திறப்பவரைத் 'தே' என்றே குறிக்கிறது. இதனைப் புதுமை என்று சிலர் கண்டித்தனர். பழைமை என்று கண்டித்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும்.

தமிழில் திருப்பம் 1995இல் வந்தது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் இணைந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம், மத்தேயு 16:24இல் 'ஒருவன்' என்பதை நீக்கி 'எவரும்' என்றும், 'தன்' என்பதை நீக்கித் 'தம்' என்றும் அமைத்தது. ஐயப் பன்மை தன் பழைய இடத்துக்குத் திரும்பிற்று. பேதுருவும் பவுலும் 'அவர்' ஆயினர். மேலே ஏற்றிச் சமன் செய்யும் வழி இது. ஆனால் ஏரோது அங்கும் 'அவன்'தான். ஆட்டைத் திருடியவன் அகப்பட்டதும் சொல் இறங்குவதுபோல, குழந்தைகளைக் கொன்றவன் என்று அறிந்தமையால் ஏரோதுக்குப் பன்மை மறுக்கப்பட்டது. நியாயமாகவே தோன்றுகிறது. எனினும் 1871இன் மொழிபெயர்ப்பாளர்களுக்கு இல்லாத ஒரு பொறுப்பை இது நமக்குச் சுமத்துகிறது. திருமறை மாந்தருள் யார் மதிப்புக்கு உரியவர், யார் அல்லர் என்று நாமே வரிசைப்படுத்த வேண்டியுள்ளது. பழைய மொழிபெயர்ப்பின் வறண்ட 'அவன்' அந்த வரிசையை மறுத்தது. அவ்வளவில் அதனிடம் ஒரு நேர்மை இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

எபிரெய மூலத்திலேயே இச்சிக்கலின் சாயல் உண்டு. ஆதியாகமம் 1:27, மனிதனைப் படைத்ததைச் சொல்லும்போது முதலில் ஒருமைப் பெயரையும், ஆணும் பெண்ணுமாக என்று வரும்போது பன்மைப் பெயரையும் ஆளுகிறது. 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு 'அவனை', 'அவர்களை' என இரண்டையும் அப்படியே காத்துள்ளது. 'ஆதாம்' என்பது அவ்விடத்தில் ஓர் ஆடவனின் பெயரா, மானிடத்தின் பெயரா என்னும் விவாதத்தை மாணவர் அறிவர். அவ்வசனத்தைத் தமிழில் வாசிக்கும் போதகர், 'அவனை' என்னுமிடத்தில் ஒரு கணம் நின்று அடுத்த சொல்லுக்குச் செல்வது நலம்.

சபையில் பழைய மொழிபெயர்ப்பே இன்றும் மிகுதியாக வாசிக்கப்படுகிறது. மனனமான வசனங்களை மாற்றுமாறு மூதாட்டி ஒருவரிடம் கேட்பது கொடுமை. அதனை நாம் பரிந்துரைக்கவில்லை. வாசிப்பு அப்படியே இருக்கட்டும். அதன்பின் வரும் அருளுரை நம்முடையது. அங்கே 'ஒருவன் பாவம் செய்தால்', 'ஒருவன் மனந்திரும்பினால்' என்று பழக்கத்தால் சொல்லிச் செல்வதற்கு மாறாக, 'ஒருவர்', 'எவர்' என்று சொல்வதற்குத் தொல்காப்பியரே துணை நிற்கிறார்; ஆங்கிலேயரிடமிருந்து கடன் வாங்கியதாக எவரும் குறை கூற முடியாது. கடினமானது வேறொன்று. மேடையில் 'எவரும் வரலாம்' என்று பன்மையில் அழைத்துவிட்டு, வந்தவர் இன்ன தெருவைச் சேர்ந்தவர் என்று தெரிந்ததும் ஆலயமுற்றத்தில் 'வாப்பா, நீ' என்று இறங்கும் பேச்சு நம்மிடையே உண்டு. வயதும் அன்பும் அப்படிப் பேச உரிமை தரும் என்பது உண்மைதான். அதே வயதுடைய வேறொருவருக்கு அதே அன்பு 'வாங்க' என்றுதான் வெளிப்படுகிறது என்றால், உரிமை அன்பிலிருந்து வரவில்லை.

யோவான் 20ஆம் அதிகாரத்தை இந்நோக்கில் வாசிக்குமாறு மாணவரை வேண்டுகிறோம். கல்லறை வெறுமையாய் இருக்கக் கண்ட மகதலேனா மரியாள் ஓடிவந்து சீடரிடம் சொல்வது பலர்பாலில் உள்ளது. ஆண்டவரை எடுத்துச் சென்றவர் ஒருவரா பலரா, ஆணா பெண்ணா, அவளுக்குத் தெரியாது. கிரேக்கமும் பன்மையாலேயே கூறுகிறது. தமிழும் 'ஆர்கள்' எனப் பன்மையாலேயே கூறுகிறது. களவு போன ஆட்டைப் பற்றி நம் ஊரார் பேசும் பன்மை இதுவே. பின்பு தோட்டத்தில் ஒருவர் நிற்கிறார். தோட்டக்காரர் என்று எண்ணுகிறாள். எடுத்துச் சென்றவர் இவராகவே இருக்கலாம் என்றும் எண்ணுகிறாள். கிரேக்கத்தில் பன்மை ஒருமையாக மாறுகிறது. தமிழிலோ 'ஐயா', 'நீர்' என்று அமைந்துள்ளது. 1871இல் அரியலூர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வேலை செய்த ஆளை, அதுவும் களவின் ஐயத்துக்கு உள்ளானவரை, எவர் அப்படி அழைத்திருப்பர்? நிற்பவர் யார் என்பது மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே பன்மை அளித்தனர். மரியாளுக்கு அது தெரியாது.